அன்லிமிடெட்டுக்கும் ஒரு எண் இருக்கு

இன்றைய எபிசோடு ஒரே ஒரு சொல்லைப் பற்றி: அன்லிமிடெட்.

விருதுநகர்ல பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ஒரு நடை நடந்தா, ரெண்டு இடத்துல இந்தச் சொல் கண்ணுல படும். ஒன்று ஹோட்டல் போர்டு, இன்னொன்று ரீசார்ஜ் கடை. ஹோட்டல்ல அதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். அளவுச் சாப்பாடுன்னா ஒரு தடவை வைக்கிறதோட முடிஞ்சுது. ஃபுல் மீல்ஸ்னா சோறு, சாம்பார், ரசம் கேட்கக் கேட்க வரும். அப்பளம் ஒண்ணு, இனிப்பு ஒண்ணு. எது திரும்ப வரும், எது வராதுன்னு இலையைப் பார்த்தாலே தெரியும். ரீசார்ஜ் கடை அன்லிமிடெட் வேற மாதிரி. மேலே பெரிய எழுத்துல "அன்லிமிடெட்". அதுக்குக் கீழே கொஞ்சம் சின்னதா "தினம் 1.5 ஜிபி". அதுக்கும் கீழே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கண்ணாடி போட்டுத்தான் படிக்கணும்: "அதன் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்."

நமக்குச் சோறு போடுறது சாஃப்ட்வேர்ங்கிறதால, முதல்ல கணக்கைப் போட்டுடுவோம்.

உங்க போன்ல 10 எம்பிபிஎஸ் வேகம் வருதுன்னு வச்சுக்கோங்க. நம்ம பக்கத்துல 4ஜிக்கு இது சாதாரண வேகம். அந்த வேகத்துல 1.5 ஜிபி தீர 20 நிமிஷம் போதும். மீதி 23 மணி 40 நிமிஷமும் 64 கேபிபிஎஸ். அதாவது நொடிக்கு 8 கேபி. பழைய டயல்-அப் மோடம் 56 கேபிபிஎஸ். அதைவிட ஒரு மயிரிழை கூட. ஒரு 2 எம்பி போட்டோவை அனுப்ப நாலு நிமிஷத்துக்கு மேல ஆகும். ராத்திரி பகலா இடைவிடாம அந்த வேகத்துல இழுத்தாலும் கூடுதலாக் கிடைக்கிறது 690 எம்பிக்கு உள்ளேதான். ஆக அந்த "அன்லிமிடெட்" பிளான்ல ஒரு நாளைக்கு ஒருத்தர் அதிகபட்சம் எடுக்கக்கூடியது சுமார் 2.2 ஜிபி. அதே 10 எம்பிபிஎஸ் குறையாம நாள் முழுக்க வந்திருந்தா 108 ஜிபி எடுத்திருக்கலாம். எல்லையில்லாததுக்கு இவ்வளவு துல்லியமா ஒரு எல்லை இருக்குன்னா, அதை ஏன் பெரிய எழுத்துல போடக் கூடாது?

சிவகாசித் தீப்பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்க. உள்ளே சராசரியா எத்தனை குச்சின்னு அச்சடிச்சிருக்கும். 14 வருஷம் ஒரு ரூபாய்க்கே வித்துட்டு, 2021 டிசம்பர்ல ரெண்டு ரூபாய் ஆன சரக்கு அது. பட்டாசு ஆலைக்குப் போனீங்கன்னா இன்னும் கறாரு. ஒவ்வொரு வேலை அறைக்கும் உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம்னு வரம்பு உண்டு, சுவர்லயே எழுதியிருக்கும். அந்த வரம்பை மீறினா என்ன ஆகும்னு 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துத் தெரிஞ்சுக்கிட்ட மாவட்டம் இது. வரம்பு இருக்கிறது தப்புன்னு இந்த ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க. மொபைல் டவருக்கும் வரம்பு இருக்கு. ஒரு டவரோட அலைக்கற்றையை அந்த நேரத்துல அங்க இருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கணும்; ஒருத்தரே முழுசையும் இழுத்தா மத்தவங்களுக்கு வராது. அது நியாயமான பிரச்சினை. நான் சொல்ல வர்ற வரலாறு வேற. இந்திய மொபைல் பிளான்கள்ல வரம்பு எந்தக் காலத்துலயும் காணாமப் போனதில்லை. இடம் மாறிக்கிட்டே இருந்திருக்கு. ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு இடத்துல அதைக் கண்டுபிடிச்சு "வெளியே சொல்லு"ன்னு சொல்லும்போது, அது அடுத்த இடத்துக்குக் குடி போயிருக்கும்.

முதல் இடம், காலம்.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பு. அப்போது வர்ற காலுக்கும் காசு. மிஸ்டு கால் கொடுத்துட்டு வைக்கிற பழக்கம் அப்படி வந்ததுதான். 2003-ல்தான் இன்கமிங் இலவசமானது. அதன் பிறகு 2005 கடைசியிலும் 2006-லும் "லைஃப்டைம்" வந்தது. 999 ரூபாய் கட்டினா வாழ்நாள் முழுக்க இன்கமிங். வீட்டுல பெரியவங்க எல்லாரும் அதை நம்பித்தான் சிம் வாங்கினாங்க. யாருடைய வாழ்நாள்? உங்களுடையது இல்லை. அந்தக் கம்பெனியின் லைசென்ஸுக்கு இருக்கிற வாழ்நாள். லைசென்ஸ் எந்த மாதம், எந்த வருஷம் முடியுதுன்னு வாடிக்கையாளரிடம் சொல்லியாகணும்னு ட்ராய் 2006-ல் சொல்ல வேண்டியிருந்தது.

இது ஏதோ வக்கீல் விளையாட்டுன்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல 1999-ல் தொடங்கின ஏர்செல், ஒரு காலத்துல நம்ம பக்கத்துல வீட்டுக்கு ஒண்ணு இருந்த சிம். 2018 பிப்ரவரியில் சிக்னல் படுத்தது. கம்பெனி திவால் மனு போட்டது. நம்பரை வேற நிறுவனத்துக்கு மாத்த, ஏப்ரல் 15 வரைக்கும் செல்லுபடியாகிற போர்ட்டிங் கோடு கொடுத்தாங்க. கோடு வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கே சிக்னல் வேணுமே! ஒரு கட்டை சிக்னலுக்காகக் கூட்டம் கூட்டமா ஜனம் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது நினைவிருக்கலாம். லைஃப்டைம் சிம்மைவிட அதை வாங்கின தாத்தாக்கள் அதிக நாள் இருந்தாங்க.

காலத்தை வைத்து இன்னொரு சின்ன வேலையும் நடந்தது. 28 நாள் மாதம். வருஷத்துக்கு 12 தடவை ரீசார்ஜ் பண்றதா நாம நினைச்சுக்கிட்டிருக்க, நிஜத்துல 13 தடவை. 2022 ஜனவரியில்தான், 30 நாள் பிளான் ஒண்ணும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கிற பிளான் ஒண்ணும் கண்டிப்பா இருக்கணும்னு ட்ராய் உத்தரவு போட்டது. "ஒண்ணு இருக்கணும்"னுதான் உத்தரவு. மீதியில நிறைய இன்னமும் 28-தான்.

ரெண்டாவது இடம், காலண்டர். இது நேரா சிவகாசிக்கே வருது, ரெண்டு வழியில. காலண்டர் அச்சடிக்கிறதும் நம்ம ஊரு, தீபாவளிக்குச் சரக்கு அனுப்புறதும் நம்ம ஊரு.

2000-களின் பிற்பகுதியில் எஸ்எம்எஸ் பேக் இருந்தது. மாசம் இவ்வளவு கட்டினா எஸ்எம்எஸ் இலவசம், அல்லது பைசாக் கணக்கு. தீபாவளி அன்னிக்குக் காலையில எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, ஐம்பது பேருக்கு வாழ்த்து அனுப்புவீங்க. ராத்திரி பேலன்ஸைப் பார்த்தா ஐம்பது ரூபாய் போயிருக்கும். ஏன்னா அன்னிக்கு "பிளாக் அவுட் டே". பேக் செல்லாது; ஒரு எஸ்எம்எஸ் ஒரு ரூபாய். தீபாவளி, புத்தாண்டு மாதிரி எந்தெந்த நாளுக்காக ஜனங்க அந்தப் பேக்கை வாங்கினாங்களோ, அந்த நாள்ல மட்டும் அது வேலை செய்யாது. வருஷம் முழுக்கக் குடை வாடகைக்கு விட்டுட்டு மழை அன்னிக்குத் திருப்பி வாங்கிக்கிற மாதிரி. ட்ராய் இதைத் தடை செய்யலை. வருஷத்துக்கு அதிகபட்சம் 5 நாள், அந்த நாள்களை முன்கூட்டியே அறிவிக்கணும், அவ்வளவுதான்.

எஸ்எம்எஸ்ஸுக்கு இன்னொரு கதையும் இருக்கு, அதுல வில்லன் கம்பெனி இல்லை. விளம்பர எஸ்எம்எஸ் தொல்லையை அடக்கணும்னு 2011 செப்டம்பரில் ட்ராயே ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 என்று வரம்பு போட்டது. நவம்பரில் அதை 200 ஆக்கினாங்க. 2012 ஜூலையில், தனிப்பட்ட எஸ்எம்எஸ்ஸுக்கு இப்படி வரம்பு போட முடியாதுன்னு டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிட்டது. அதே வருஷம் நவம்பரில் வேற வழியில் திரும்ப வந்தது: 100-க்கு மேல் போனா ஒவ்வொண்ணுக்கும் குறைந்தது 50 பைசா. அந்த விதியை 2020-ல் எடுத்துட்டாங்க. ஆனா இன்னிக்கும் உங்க பிளானைத் திறந்து பாருங்க, "தினம் 100 எஸ்எம்எஸ்"னு இருக்கும். விதி போய்ப் பல வருஷம் ஆச்சு, எண் மட்டும் வீட்டை விட்டுப் போகாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கு. யாரும் எஸ்எம்எஸ் அனுப்புறதில்லைங்கிறதால யாரும் கேட்கலை.

மூன்றாவது இடம், கடிகாரம். பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் ஹோம் 500-னு ஒரு பிளான் இருந்தது. பகல்ல சில ஜிபி மட்டும். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் அன்லிமிடெட். நான் ஸ்கூல் படிச்ச காலம் அது. தெருவுல கம்ப்யூட்டர் இருந்த வீட்டு அண்ணன்கள் எல்லாம் அலாரம் வச்சு எழுந்திரிச்சு டவுன்லோடு போட்டுட்டு மறுபடி படுப்பாங்க. பரீட்சைக்கு எழுந்திரிக்காத ஆட்கள். கேலி பண்றேனே தவிர, அந்தப் பிளான் மேல எனக்கு மரியாதை உண்டு. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்னு பேரோட சேர்த்தே சொன்ன பிளான் அது. 2016 செப்டம்பர் 1-ல் முகேஷ் அம்பானி ஜியோ பிளான்களை அறிவிச்சப்போ அதுலயும் "இரவு அன்லிமிடெட்" இருந்தது. இரவுன்னா நாம என்ன நினைப்போம்? சாப்பிட்டு முடிச்சுப் படுத்து, போனைக் கையில எடுக்கிற நேரம். நிபந்தனையில இருந்த இரவு, 2 மணியிலிருந்து 5 மணி வரைக்கும்.

நாலாவது இடம்தான் நம்ம கதையோட மையம்: வேகம்.

ஜிபிஆர்எஸ் காலத்துல, ஏர்செல்லின் 98 ரூபாய் பாக்கெட் இன்டர்நெட் மாதிரி பிளான்கள் வந்தப்போ, வேகமே இல்லாததால அதுல ஒளிக்க ஒண்ணும் இல்லை. 2010-ல் 3ஜி ஏலம் முடிஞ்சு, தனியார் 3ஜி வந்ததும் நிலைமை மாறுது. இப்போ வேகம் ஒரு சரக்கு. தரலாம், பிடுங்கலாம். அப்போதான் "ஃபேர் யூசேஜ் பாலிசி"ங்கிற பேர் வருது. நியாயமான பயன்பாடு. எழுதினவரைப் பாராட்டணும். வரம்பைத் தாண்டினா நீங்கதான் அநியாயக்காரர்னு அந்தப் பேரே சொல்லிடுது.

இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமாச் சொல்றேன், ஏன்னா மறைக்கிற சூட்சுமமே இங்கதான் இருக்கு. கம்பெனியோட கோர் நெட்வொர்க்குல ஒரு பாலிசி சர்வர் இருக்கும். ஒவ்வொரு சிம்முக்கும் இன்னிக்கு எவ்வளவு எடுத்தாச்சுன்னு ஒரு கணக்கு ஓடும். 1.5 ஜிபி தொட்ட நொடியில, உங்க டேட்டா எல்லாம் கடந்து போற கேட்வேக்கு ஒரு புது விதி போகும்: இந்த சிம்முக்கு இனிமே 64. கேட்வே டோக்கன் கணக்குல பாக்கெட்டுகளை விடும். டோக்கன் இருக்கிற பாக்கெட் போகும், இல்லாதது வரிசையில நிற்கும் அல்லது கீழே போடப்படும். ராத்திரி 12 மணிக்குக் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். இதுல டவருக்கு எந்தப் பங்கும் இல்லை. டவருக்கும் உங்க போனுக்கும் நடுவுல இருக்கிற ரேடியோ இணைப்பு அப்பவும் முழுசா இருக்கு. அதனால போன் மேல நாலு கட்டையும் நிற்கும், 4ஜின்னும் காட்டும். ஆனா ஒண்ணும் வராது.

இதோட விளைவைக் கவனிங்க. டேட்டா தீர்ந்து அப்படியே நின்னு போனா, "தீர்ந்துருச்சு"ன்னு தெரிஞ்சிருக்கும். வேகத்தைக் குறைச்சா "தீர்ந்துருச்சு"ன்னு தெரியாது, "டவர் சரியில்லை"ன்னு தோணும். போன் பழசாகிருச்சோன்னு தோணும். மளிகைக் கடையில ஜிபே சுத்திக்கிட்டே இருக்கும், காசு போச்சா போகலையான்னு கடைக்காரரும் நீங்களும் அந்த வட்டத்தையே பார்த்துக்கிட்டிருப்பீங்க. யூபிஐக்குத் தேவைப்படுற டேட்டா ரொம்பக் கொஞ்சம்தான். ஆனா பின்னால வாட்ஸ்அப்பும் வேற ரெண்டு ஆப்பும் அந்த 8 கேபிக்கு முண்டிக்கிட்டு இருக்கும். பேமென்ட் ஆப் காத்திருந்து டைம் அவுட் ஆகிடும். ஃபுல் மீல்ஸ் பந்தியில, மூணாவது தடவை சோறு கேட்டா "வருது வருது"ன்னு சொல்லிட்டு வராமலே இருக்கிற சப்ளையர் மாதிரி. இல்லைன்னு சொல்லலை. வரவும் இல்லை.

ட்ராய் இதைப் பார்க்காம இல்லை. 2012 ஜூலையில் ஒரு உத்தரவு: ஃபேர் யூசேஜ் இருக்கிற பிராட்பேண்ட் பிளான்களில், வரம்பு எவ்வளவு, வரம்புக்கு முன்னால் என்ன வேகம், பின்னால் என்ன வேகம்னு சொல்லணும், பின்னால் வர்ற வேகமும் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. அப்போ அது 256 கேபிபிஎஸ். 2013-ல் அரசாங்கம் அந்த வரையறையை 512 ஆக்கியது. 2016 அக்டோபர் கடைசியில் ட்ராய் மறுபடி உத்தரவு போட்டு, 512-க்குக் கீழே இறக்காதேன்னு சொன்னது. ஆனா இந்தத் தரை கேபிள், ஃபைபர் மாதிரி நிலையான இணைப்புகளுக்கு மட்டும்தான். மொபைலுக்கு? விவரத்தைச் சொன்னா போதும். எவ்வளவு வேணும்னாலும் இறக்கிக்கலாம்.

அந்த உத்தரவுக்கு ரெண்டு மாசம் முன்னாலதான் ஜியோ வந்திருந்தது. முதல் இலவச ஆஃபரில் தினம் 4 ஜிபி, அதன் பிறகு 128 கேபிபிஎஸ். டிசம்பரில் புத்தாண்டு ஆஃபர்னு பேர் மாத்தினப்போ 4 ஜிபி 1 ஜிபி ஆனது. பின்னால 128-ம் 64 ஆனது. ஒரு நன்மையைச் சொல்லாம விடக் கூடாது. அதுவரைக்கும் மாசத்துக்கு 1 ஜிபியை எண்ணி எண்ணிச் செலவு பண்ணிக்கிட்டிருந்த நாட்டுக்கு, தினம் 1 ஜிபிங்கிறது நிஜமாவே பெரிய மாற்றம். சாத்தூர் பக்கத்துக் கிராமத்துல இருக்கிற பையன் யூடியூபைப் பார்த்துக் கோடிங் கத்துக்க முடிஞ்சதுன்னா அது அந்த விலைப் போராலதான். அந்த வசதியில வளர்ந்தவன்தான் நானும். ஆனா மாச வரம்பு தின வரம்பா மாறினதுல ஒரு தந்திரம் இருக்கு. மாசத்துக்கு 42 ஜிபின்னா, இன்னிக்கு எடுக்காதது நாளைக்கு இருக்கும். தினம் 1.5-ன்னா, இன்னிக்கு எடுக்காதது ராத்திரி 12 மணிக்குச் செத்துடும். பாதி நாள் பாதிக்கு மேல பயன்படுத்தாதவங்கதான் நிறையப் பேர். அந்த மீதியையும் சேர்த்து வித்தாச்சு.

இதே காலத்துல கால் பேசுறதுலயும் இது நடந்தது. "அன்லிமிடெட் கால்ஸ்"னு வித்த சில பெரிய நிறுவனங்களோட நிபந்தனையில ஒரு நாளைக்கு 250 அல்லது 300 நிமிஷம், வாரத்துக்கு 1000 அல்லது 1200 நிமிஷம்னு இருந்தது. வாரத்துல 100 வேற வேற நம்பருக்கு மேல கூப்பிடக் கூடாதுன்னும் சிலதுல இருந்தது. தீபாவளி சீசன்ல சிவகாசிப் பட்டாசுக் கடைக்காரர் 100 நம்பரை ஒரே காலையில கூப்பிட்டுடுவார். 2019 அக்டோபரில் ஜியோ மத்த நெட்வொர்க்குக்குப் பேச நிமிஷத்துக்கு 6 பைசா போட்டது. 2021 ஜனவரி 1-ல் எடுத்தது. 2019 டிசம்பர் 3-ல் ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் விலையை ஏத்தினப்போ, "அன்லிமிடெட்" கால்ல மத்த நெட்வொர்க்குக்கு 28 நாளைக்கு 1000 நிமிஷம்னு ஒரு வரம்பைச் செருகினாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் அந்த வாரமே எடுத்துட்டாங்க. வெளியே தெரிஞ்ச வரம்பு ஒரு வாரம் தாங்கலை. வேக வரம்பு இத்தனை வருஷமா நிற்குது.

உலகத்துல வேற எங்கேயும் இதுக்குக் கேள்வி கேட்டாங்களான்னா, கேட்டாங்க. அமெரிக்காவில் வெரைசன் வயர்லெஸ் "அன்லிமிடெட்" டேட்டா வித்துட்டு, அதிகமாப் பயன்படுத்தினதா சுமார் 13,000 பேரோட இணைப்பைத் துண்டிச்சது. 2007-ல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பிடிச்சதும், 10 லட்சம் டாலர் திருப்பித் தர ஒத்துக்கிட்டது. ஏடி அண்ட் டி மேல அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014-ல் வழக்குப் போட்டது: அன்லிமிடெட் வாங்கின 35 லட்சம் பேரோட வேகத்தைச் சரியாச் சொல்லாமலே குறைச்சாங்கன்னு. 2019-ல் 6 கோடி டாலருக்கு முடிஞ்சது.

நம்ம மாவட்டத்துக்காரங்க மறக்கக் கூடாதது 2018 சம்பவம். கலிஃபோர்னியாவில் மென்டசீனோ காட்டுத்தீ எரிஞ்சுக்கிட்டிருந்தப்போ, சாண்டா கிளாரா கவுண்டி தீயணைப்புத் துறையோட ஒரு கட்டுப்பாட்டு வண்டி, எந்த வண்டி எங்க போகணும், எந்த ஆட்கள் எங்க நிற்கணும்னு ஒருங்கிணைக்கிற வேலையில இருந்தது. அதோட சிம் அன்லிமிடெட் பிளான். 25 ஜிபி தாண்டினதும் வேகம் இருநூறுல ஒரு பங்காயிருச்சு. தீயணைப்புத் துறை கூப்பிட்டுக் கேட்டப்போ, விலை ரெண்டு மடங்குக்கு மேல இருக்கிற பிளானுக்கு மாறுங்கன்னு பதில் வந்தது. பின்னால வெரைசன், அவசர நேரத்துல குறைச்சிருக்கக் கூடாது, அது வாடிக்கையாளர் சேவையில நடந்த தவறுன்னு சொன்னது. அந்தத் தீயணைப்புத் தலைவர் நீதிமன்றத்துல பிரமாணப் பத்திரமா எழுதிக் கொடுத்ததாலதான் இது உலகத்துக்கே தெரிஞ்சது.

இங்க அந்த மாதிரி ஒரு பிரமாணப் பத்திரம் கிடையாது. ஆனா 2020-ம் 2021-ம் இருக்கு. பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் போனுக்குள்ள வந்த வருஷங்கள். பட்டாசு ஆலைக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. கேட்டுல கொடுத்துட்டுத்தான் போகணும், அல்லது வீட்டுலயே விட்டுட்டுப் போகணும். அதனால அம்மாவோட போன் பிள்ளைங்க கையில இருந்தது. ஒரு போன், ஒரு சிம், ரெண்டு பிள்ளைங்க. வீடியோ வகுப்பு 1 எம்பிபிஎஸ்ல ஓடுதுன்னு வச்சா மணிக்கு 450 எம்பி. 1.5 ஜிபி மூணு மணி இருபது நிமிஷத்துல முடிஞ்சுடும். மூத்தவளுக்கு மூணு பீரியடு, சின்னவனுக்கு ஒண்ணும் இல்லை. அதுக்குப் பிறகு திரையில டீச்சர் வாயைத் திறந்தபடி உறைஞ்சு நிப்பாங்க. வருகைப் பதிவுல "இணைப்பில் இல்லை"ன்னு விழும். அந்தப் பிள்ளை டீச்சர்கிட்ட என்ன சொல்லும்? "டவர் கிடைக்கலை மிஸ்." அது அப்படித்தான் நம்புச்சு. கூடுதல் டேட்டாவுக்குப் பூஸ்டர் போடணும்னா அது வேற காசு, அதுவும் பீஸ் கணக்குல கூலி வாங்குற வீட்டுல.

2021 ஜனவரியில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரைக்கும் தினம் 2 ஜிபி இலவச டேட்டா கார்டு அறிவிச்சார். எல்காட் வழியா. நல்ல திட்டம். ஆனா அந்த அலகைப் பாருங்க: தினம் 2 ஜிபி. அரசாங்கமே அன்லிமிடெட்னு சொல்லாம எண்ணைச் சொன்னது. படிக்கிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்னு யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. கம்பெனி போர்டுல இதைப் போடுறதுக்கு என்ன கஷ்டம்?

சட்டம் இதுக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு. 2020 செப்டம்பரில் ட்ராய், வரம்பையும் வரம்புக்குப் பிறகு வர்ற வேகத்தையும் விளம்பரத்திலும் இணையதளத்திலும் வெளிப்படையாப் போடணும்னு சொன்னது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டுதல்கள் வந்தன. தவறா வழிகாட்டுற ஒரு வாக்கியத்தை நட்சத்திரக் குறி போட்டுத் திருத்த முடியாது; அந்தப் பொறுப்புத் துறப்பு, விளம்பரம் எந்த மொழியில இருக்கோ அதே மொழியில இருக்கணும். இந்த ரெண்டாவது வரியை நான் ரெண்டு தடவை படிச்சேன். ஏன்னா நம்ம ஊர் போஸ்டர்கள்ல "அன்லிமிடெட்" தமிழ் எழுத்துல இருக்கும், நட்சத்திரக் குறி மட்டும் ஆங்கிலத்துல பேசும்.

கடைசியா, வரம்பு இப்ப எங்க குடியிருக்கு? வரைபடத்துல. 2022 அக்டோபர் 1-ல் 5ஜி வந்தது. அதோட "அன்லிமிடெட் 5ஜி". 2024 ஜூலை 3-ல் விலை ஏறினப்போ ஜியோவும் ஏர்டெல்லும் அன்லிமிடெட் 5ஜியை தினம் 2 ஜிபியும் அதுக்கு மேலயும் உள்ள பிளான்களுக்கு மட்டும்னு ஆக்கினாங்க. ஜியோவில் 28 நாள் 1.5 ஜிபி பிளான் 239-லிருந்து 299 ஆனது, 2 ஜிபி பிளான் 299-லிருந்து 349. சரி, 349 கட்டியாச்சு, 5ஜி போனும் வாங்கியாச்சு. ஆனா அந்த அன்லிமிடெட், போன் 5ஜி டவர்ல ஒட்டியிருக்கிற வரைக்கும்தான். 4ஜிக்கு இறங்கின நொடியிலிருந்து 2 ஜிபி கணக்கு ஓட ஆரம்பிச்சுடும். பட்டாசு ஆலைகள் எங்க இருக்கு? ஊருக்கு வெளியே, வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டுல, வீடுகளை விட்டுத் தள்ளி. அப்படித்தான் இருக்கணும். அந்த மாதிரி இடத்துக்கு 5ஜி கடைசியாத்தான் வரும். சிவகாசி பஜார்ல நிற்கிறவருக்கும், காட்டுக்குள்ள ஆலை வாசல்ல நிற்கிறவருக்கும் ஒரே 349 ரூபாய். ஒருத்தருக்கு அன்லிமிடெட், இன்னொருத்தருக்கு 2 ஜிபி. இது எந்த நட்சத்திரக் குறியிலயும் ஒரு எண்ணா வராது. ஏன்னா எண் நீங்க நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

ஒரு வேலை பண்ணுங்க. இன்னிக்கு டேட்டா தீர்ந்து வேகம் குறைஞ்ச பிறகு, ஏதாவது ஒரு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்க. திரையில 0.06-னு வந்தா டவர் மேல தப்பில்லை, அது உங்க பிளான். அந்தத் திரையையும், உங்க ரீசார்ஜ் கடை போஸ்டர்ல நட்சத்திரக் குறிக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குங்கிறதையும் போட்டோ எடுத்து நமக்கு அனுப்புங்க. எந்த மொழியில எழுதியிருக்குன்னும் சொல்லுங்க. நம்பரை மறைச்சுட்டு அனுப்புங்க, போட்டோவை ராத்திரி 12 மணிக்குப் பிறகு அனுப்பினா சீக்கிரம் வந்து சேரும்.